‘ஆயினும்’: மொழிபெயர் தேயத்திலிருந்து ஒரு வாசிப்பு

நம் சங்கக் கூட்டங்களுக்குப் பேச வருகிற புலவர் பெருமக்கள் எந்தத் தலைப்பை எடுத்தாலும் ஒரு இடத்துக்குக் கட்டாயம் வந்து சேருவார்கள். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார் வடக்கே வேங்கடத்தையும் தெற்கே குமரியையும் தமிழுக்கு எல்லையாகக் காட்டியதைச் சொல்லி, “அந்த எல்லைக்கு வெளியே வாழ்ந்தும் தமிழை மறக்காமல் இருக்கிறீர்களே” என்று பாராட்டுவார்கள். நாமும் கைதட்டுவோம். நானும் எத்தனையோ தடவை தட்டியிருக்கிறேன்.

ஆனா சித்தூரில் உட்கார்ந்து கைதட்டுகிறவனுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். வேங்கடமலை இருப்பது திருப்பதியில். சித்தூர் அதற்குத் தெற்கே. பனம்பாரனார் கணக்குப்படி சித்தூர்க்காரன் எல்லைக்கு உள்ளே இருக்கிறான். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்த கணக்குப்படி வெளியே இருக்கிறான். ஒரே ஆள், ஒரே வீடு, ஒரே திண்ணை. உள்ளேயா வெளியேயா?

இந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டுதான் சங்கப் பாட்டுகளில் வரும் ‘மொழிபெயர் தேயம்’ என்ற தொடரைத் திரும்பப் படித்தேன். நான் பட்டம் பெற்ற புலவன் இல்லை. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்து, 1982-இல் சித்தூருக்கு வந்து வெல்ல மண்டியில் பிழைத்தவன். உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பின் மறுஅச்சும், நாவலர் ந.மு. வேங்கடசாமி நாட்டாரும் கரந்தைக் கவியரசு வேங்கடாசலம் பிள்ளையும் சேர்ந்து எழுதிய அகநானூற்று உரையும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும். சரக்கு வராத மத்தியான நேரங்களில் படித்த படிப்புதான் என் படிப்பு. தவறு இருந்தால் அறிஞர்கள் பொறுத்தருள வேண்டும்.

தொடரும் அதன் வாலும்

‘மொழிபெயர் தேயம்’ என்றால் மொழி வேறாகிற நாடு. இந்தத் தொடரை அதிகம் ஆண்டவர் மாமூலனார். நந்தரையும் மோரியரையும் பாட்டில் கொண்டுவந்தவரும் அவரே. அவர் பாடியவை சுமார் முப்பது. பெரும்பாலானவை அகநானூற்றில் உள்ளன. குறுந்தொகை 11, அகநானூறு 31, 211, 295 ஆகிய நான்கிலும் இந்தத் தொடர் வருகிறது. நான்குமே பொருள் தேடிப் போனவனை நினைத்து வீட்டில் இருக்கும் பெண்களின் பேச்சு. தலைவி தன் நெஞ்சோடு பேசுவாள், அல்லது தலைவியும் தோழியும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

மேடையில் இந்தத் தொடரை எடுத்துக் காட்டுகிறவர்கள், “பார்த்தீர்களா, அன்றைக்கே வேங்கடத்தோடு நம் மொழி முடிந்தது, அதற்கு அப்பால் வடுகர், வேற்றுமொழி” என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். பாட்டு அங்கே நிற்கவில்லை. குறுந்தொகைப் பாட்டிலும், அகநானூற்றின் 211, 295 ஆகிய பாட்டுகளிலும் அந்தத் தொடரைத் தொட்டாற்போல ஒரு சொல் வருகிறது. ‘ஆயினும்’ என்பதே அந்தச் சொல்.

மொழி வேறாகிற நாட்டில் அவர் இருக்கிறார். ஆயினும் அவர் நாட்டுக்கே போக நினைக்கிறேன் என்கிறாள் குறுந்தொகைத் தலைவி. வேங்கடத்துக்கு அப்பால் போயிருக்கிறார். ஆயினும் அன்பு காட்டுவார் என்கிறது 211. அந்தத் தேயத்தையே கடந்து போய்விட்டார். ஆயினும் திரும்பி வந்து உன் அழகைத் தருவார் என்கிறது 295. தொடரின் வேலை தடையைச் சொல்வது. அதோடு ஒட்டிய ‘ஆயினும்’ அந்தத் தடை பெரிசில்லை என்று சொல்கிறது. நாம் முன்பாதியைக் கல்வெட்டுப்போலப் பொறித்து வைத்துக்கொண்டோம், வாலை வெட்டிப்புட்டோம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போனவன் அங்கே பேசித் தோற்றான், யாருக்கும் அவன் பேச்சு விளங்கவில்லை, ஊமையாய்த் திரும்பினான் என்று இந்த நான்கு பாட்டும் சொல்லவில்லை. மொழி வேறு என்ற பயம் வீட்டில் இருக்கிறவர்களின் பயம். வழியில் போனவனுக்கு என்ன நடந்தது என்று பாட்டு பேசவே இல்லை. அதைப் போனவர்கள்தான் சொல்ல வேண்டும். நாம் போனவர்கள். அதனால் சொல்லுகிறேன்.

மோரும் வெல்லமும்

சித்தூருக்கு வந்த முதல் வாரம், கரும்பு ஆலை பார்க்க ஒரு கிராமத்துக்கு நடந்து போனேன். நல்ல வெயில். ஒரு வீட்டு வாசலில் நின்று, புத்தகத்தில் படித்த தெலுங்கைக் கூட்டி, “தாகம், நீரு காவாலி” என்றேன். தாகம் என்பதற்கு அங்கே ‘தாஹம்’ என்று ஹகரம் வேண்டும், தண்ணீருக்கு ‘நீள்ளு’ என்பதே வழக்கம் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. உள்ளே போய் “மஜ்ஜிக” என்று சொல்லி ஒரு சொம்பைக் கொடுத்தாள். என்னமோ ஏதோ என்று பயந்துகொண்டே வாயில் வைத்தேன். மோர்! கேட்டது தண்ணீர், கிடைத்தது மோர். என் தெலுங்கு வென்றுவிட்டது என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

வென்றது என் தெலுங்கு இல்லை, அந்த அம்மாளின் காது. இதைப் புரிந்துகொள்ள நாலு வருஷமும் ஒரு அவமானமும் தேவைப்பட்டது.

1986-ஆம் வருஷம். பாகாலா பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வெல்லம் கொண்டுவந்தார். நல்ல நிறம், கை வைத்தால் ஒட்டாத பதம். விலை பேசும்போது அவர் சொன்னார்: “டப்பு அவசரமே கானி, தொந்தர லேது.” எனக்குச் சந்தோஷம். ஒவ்வொரு சொல்லும் புரிந்துவிட்டதே! பணம் அவசரம், தொந்தரவு எதுவும் இல்லை. அப்படியென்றால் ஆள் நெருக்கடியில் இருக்கிறார், குறைத்துக் கேட்டாலும் தகராறு பண்ண மாட்டார். கணக்குப்பிள்ளையிடம் தமிழில் சொன்னேன்: “கெழவனுக்கு அவசரமாம். குவிண்டாலுக்குப் பத்து ரூபா கொறச்சே சொல்லு, குடுத்துட்டுப் போவான்.”

பெரியவர் ஒன்றும் பேசவில்லை. இறக்கிய வெல்லத்தைத் திரும்ப வண்டியில் ஏற்றச் சொன்னார். ஏற்றி முடித்த பிறகு என்னிடம் வந்து, நம் பக்கத்துத் தமிழிலேயே சொன்னார்: “அய்யா, எனக்குப் பணம் வேணும்னுதான் சொன்னேன். ஓட்டம் இல்லேன்னும் சொன்னேன். ஓட்டம் ஒங்களுக்குத்தான்.”

விஷயம் இதுதான். தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. நாம் சொல்லுகிற அவசரத்துக்கு அங்கே ‘தொந்தர’ என்று பெயர். ஆகவே அவர் சொன்னது, பணம் தேவைதான், ஆனால் பரபரப்பு இல்லை என்பது. இரண்டு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். அதனால்தான் ஏமாந்தேன். தெரியாத சொல்லாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவருக்கு என் தெலுங்கும் புரிந்தது, நான் மறைத்துப் பேசியதாக நினைத்த தமிழும் புரிந்தது. எனக்கு அவருடைய தெலுங்கு புரியவில்லை. புரிந்ததாக நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

சமண இல்லறத்தானுக்குப் பொய்யாமையும் கள்ளாமையும் விரதம். எங்கள் வீட்டில் பாட்டி ‘அருங்கலச்செப்பு’ சொல்லிக்கொடுத்த பிள்ளை நான். எடையில் குறைப்பது பாவம் என்று தெரிந்திருந்தது. அடுத்தவன் சொல்லை எனக்கு வசதியான பக்கமாக எடை போடுவதும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்று அந்தப் பெரியவர் கற்றுக்கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் என் கடைக்கு வரவில்லை.

யாரும் பார்க்காத கிணறு

இந்த அனுபவத்தோடு அகநானூறு 295-ஆம் பாட்டுக்குத் திரும்பலாம். இந்தப் பாட்டின் பின்பகுதியை எல்லோரும் எடுத்துக்காட்டுவார்கள். புல்லி என்பவனுடைய குன்றம், வில்லும் அம்பும் ஏந்திய வடுகர், அவர்கள் கள்ளுண்டு ஆரவாரிக்கும் மொழிபெயர் தேயம். ஒரு சமூகத்தையே குடிகாரக் கூட்டமாகக் காட்டும் இந்த அடிகளை வைத்து, சங்ககாலத் தமிழர் வடுகரை எப்படிப் பார்த்தார்கள் என்று கட்டுரைகள் உண்டு.

முன்பகுதியில் ஒரு கிணறு இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. கடல் உப்பை ஏற்றிக்கொண்டு கூட்டமாக வருகிற உமணர்கள், களைத்துப்போன எருதுகள் மூச்சு வாங்குவதற்காக ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். கெட்டித்தரையை இடித்துக் கிணறு தோண்டுகிறார்கள். அவர்கள் போன பிறகும் அந்தக் கிணற்றில் நீர் ஊறுகிறது. வழியில் போகிற வம்பலர், அதாவது அயலார், அதில் இளைப்பாறுகிறார்கள்.

வியாபாரி கண்ணுக்கு இந்த இடம்தான் முதலில் படுகிறது. கடல் எங்கே, வேங்கடத்துக் காடு எங்கே? உப்பை அத்தனை தூரம் சுமப்பது யாருக்காக? காட்டுக்கு உள்ளேயும் அப்பாலும் இருப்பவர்களுக்கு விற்பதற்காக. விற்க வேண்டுமானால் விலை பேச வேண்டும். அளவு பேச வேண்டும். எந்த மொழியில் பேசினார்கள் என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் ஒன்று நிச்சயம். தமிழிலும் உப்புக்கு உப்பு என்றுதான் பேர், தெலுங்கிலும் உப்பு என்றுதான் பேர். மொழிபெயர் தேயத்தில் உப்புக்கு மொழி பெயரவில்லை. எருதை அவர்கள் எத்து என்பார்கள், நீரை நீரு என்றும் நீள்ளு என்றும் சொல்வார்கள், ஊர் ஊருதான், இல் இல்லுதான். வடுகர் முழங்கிய மொழி விளங்காத கூச்சல் என்று வீட்டிலிருந்த தோழி நினைத்தாள். கிணறு வெட்டிய உமணன் அப்படி நினைத்திருப்பானா?

அகநானூறு 31-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்கே மாமூலனார் அந்த மொழிபெயர் தேயத்துப் பன்மலைகளைத் தமிழ் மூவேந்தர் காத்ததாகச் சொல்கிறார். மொழி வேறான நாட்டு வழியை மூன்று அரசர் சேர்ந்து ஏன் காக்க வேண்டும்? சரக்கு போகிற வழி அது என்று கொண்டால் பொருந்தி வருகிறது. சுவர் இருக்கிற இடத்தில் வழிக்காவல் எதற்கு?

மொழிபெயர்ப்பைத் தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகை நான்கில் ஒன்றாக வைக்கிறது. அங்கேயும் ‘அதர்’ என்ற சொல்தான் வருகிறது. அதர் என்றால் வழி. நம் அகப்பாட்டுத் தலைவர்கள் நடந்த காட்டுவழிக்கும் அதர் என்றே பேர். ‘பெயர்’ என்ற வினைக்கும் இடம்விட்டு நகர்வது என்பதே முதல் பொருள். ஆக, மொழிபெயர் தேயம் என்பதை மொழி முடிந்துபோகிற நாடு என்று படிக்காமல், மொழி நகர்ந்து வேறாகிற நாடு என்று படித்தால் என்ன குறைந்துவிடும்?

இலக்கணக்காரர்கள் அறிந்தது

நம் பழைய உரையாசிரியர்கள் இந்த நகர்ச்சியை நன்றாக அறிந்திருந்தார்கள். திசைச்சொல் என்று ஒரு வகையைத் தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கிறது. செந்தமிழ் நாட்டைச் சேர்ந்த பன்னிரண்டு நிலத்துச் சொற்கள் அவை. சேனாவரையர் அந்தப் பன்னிரண்டையும் தமிழ்நாட்டுப் பகுதிகளாகவே கொண்டு, அருவா நாட்டையும் அருவா வடதலையையும் கடைசியில் வைக்கிறார். தெலுங்கர் நம்மை ‘அரவம்’ என்று சொல்வது இந்த அருவாவிலிருந்து வந்தது என்று கருதுவோர் பலர். தெய்வச்சிலையாரோ சுற்றியுள்ள வேற்றுமொழி நாடுகளையே அந்தப் பன்னிரண்டாக எண்ணுகிறார். வடுகும் தெலிங்கும் கருநடமும் சிங்களமும் அதில் உண்டு.

வடுகச் சொல்லுக்குத் தெய்வச்சிலையார் காட்டும் உதாரணம் ‘செப்பு’. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. திருப்பதி பஸ் நிலையத்தில் ஐந்து நிமிஷம் நின்றால் பத்து ‘செப்பு’ காதில் விழும். சரி, அது வடுகச் சொல் என்றே வைத்துக்கொள்வோம். தொல்காப்பியர் கேள்வி பதில் பற்றி இலக்கணம் சொல்லும்போது பதிலுக்கு என்ன சொல் போட்டார்? செப்பு! அயல்மொழி என்று உரைகாரர் காட்டிய சொல், மூலநூல்காரரின் சொந்தக் கலைச்சொல். எங்கள் அருங்கலச்செப்பில் அதே செப்புக்குச் சிமிழ் என்று பொருள். தெலுங்கில் காலுக்குப் போடுகிற செருப்பும் செப்புதான். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு மொழிக்காரர்கள் நாலு வேலை பார்த்திருக்கிறார்கள்.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் எங்கள் சமணத் துறவி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அவர் பன்னிரு நிலத்தோடு நிறுத்தாமல், பதினெண் நிலத்தில் தமிழ் ஒழிந்த பதினேழு நிலத்துச் சொல்லையும் திசைச்சொல்லாகத் தமிழுக்குள் அனுமதித்தார். ஊர் ஊராக நடக்கிற துறவிக்குக் கதவை அகலத் திறந்து வைக்கத்தான் தோன்றும். 1816-இல் எல்லிஸ் துரையும் 1856-இல் கால்டுவெல்லும் தமிழும் தெலுங்கும் ஒரே குடும்பம் என்று சொற்களை வரிசை போட்டுக் காட்டினார்கள். உறவு அவர்கள் காட்டியது. போக்குவரத்து அதற்கு முன்பே இருந்தது.

கல்லும் இதையே சொல்கிறது. திருமலைக் கோயிலின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். கிருஷ்ணதேவராயர் தம் கொடைகளை அங்கே தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழியிலும் வெட்டிவைத்தார். சித்தூரிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படியாக, இன்றைய வேலூர் மாவட்டத்தில் வள்ளிமலை இருக்கிறது. அங்குள்ள சமணக் குகையைச் செய்வித்தவன் கங்க அரசன் இராசமல்லன். அவனுடைய கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது. தமிழ் பேசுகிற ஊரில் கன்னடக் கல்வெட்டு, தெலுங்கு பேசுகிற மலையில் தமிழ்க் கல்வெட்டு. வெட்டியவர்கள் யாராவது படிப்பார்கள் என்று நம்பித்தான் வெட்டியிருப்பார்கள்.

மறுப்பு ஒன்று

“அப்படியானால் வடக்கெல்லைப் போராட்டம் எதற்கு நடந்தது?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் பாடுபட்டார்கள், படாஸ்கர் முடிவுப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பள்ளிக்கூடம் எந்த மொழியில், பத்திரப்பதிவு எந்த மொழியில் என்பதற்கு ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டுக்காகப் போராடியவர்களை நான் குறை சொல்லவில்லை. மாமூலனார் பாட்டை அந்தக் கோட்டுக்குச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றியதைத்தான் குறை சொல்லுகிறேன். கோடு நகரும். சித்தூர் மாவட்டமே 1911-இல் உண்டானது, திருப்பதி 2022-இல் தனி மாவட்டமானது. பாட்டு அப்படி நகராது, நகர்த்தவும் கூடாது.

எதிர்த்திசையில் வந்தவர்களையும் நினைக்க வேண்டும். கி. ராஜநாராயணன் 1976-இல் எழுதிய ‘கோபல்ல கிராமம்’ நாவலில் ஒரு தெலுங்குக் கூட்டம் தெற்கே ஓடிவந்து கரிசல் மண்ணில் குடியேறுகிறது. அவர்களுக்கு நம் தமிழ்நாடுதான் மொழிபெயர் தேயம். வீட்டில் தெலுங்கு பேசுகிற அந்தக் குடியில் பிறந்தவர்தான் கரிசல் தமிழுக்கு அகராதி தொகுத்தார். மாமூலனார் பாட்டில் போனவன் குரல் இல்லை என்றேன். அந்தக் குரலை நாவலாக எழுதியவர் கி.ரா. சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய தமிழர்களாகிய நாம் அப்படி ஒன்றை இன்னும் எழுதவில்லை.

பஸ்ஸில் கேட்ட பறை

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு மார்கழிக் காலை, சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். சமணன் என்று சொன்னாலே சேட்டு என்று நினைத்து இந்தியில் பேச ஆரம்பிக்கிற ஊர் இது. பக்கத்து சீட்டுப் பெண் என் போன் பேச்சைக் கேட்டுவிட்டு, “மீரு அரவம் வாள்ளா?” என்றாள். ஆமாம் என்றேன். கையில் தெலுங்கு எழுத்தில் அச்சடித்த திருப்பாவை. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெண் முப்பதையும் மனப்பாடம் பண்ணியிருந்தாள். ழகரம் ளகரமாக வந்தது. மற்றபடி ஒரு எழுத்துப் பிசகவில்லை.

“பறை அண்டே ஏமிடி?” என்று கேட்டாள். தெலுங்கில் பறைக்கு ‘டப்பு’ என்று பேர். பணத்துக்கும் ஏறக்குறைய அதே ஒலிதான், நடுவிலுள்ள பகரத்தைக் கொஞ்சம் அதிரச் சொல்ல வேண்டும். நம் நாக்குக்கு அந்த வித்தியாசம் வராது. நான் “டப்பு” என்றேன். அவள் திடுக்கிட்டுப்போனாள். ஆண்டாள் கண்ணனிடம் பணமா கேட்டாள்? நான் விரலால் சீட்டைத் தட்டிக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

பிறகு அவள் சொன்னாள்: “எங்க குருவுகாரு அது வாத்தியம் இல்ல, கைங்கர்யம்னு சொன்னாரு.” தமிழும் தெலுங்கும் கலந்துதான் சொன்னாள். வைணவ உரைகாரர்கள் சொல்வதும் அதுவே. கடைசிக்கு முந்தின பாட்டில் ஆண்டாளே தான் கேட்க வந்தது வெறும் பறையை அல்ல என்று சொல்லிவிடுகிறாள். தமிழ் தெரிந்த நான் சொல்லுக்குப் பொருள் சொன்னேன். தமிழ் தெரியாத அவள் பாட்டுக்குப் பொருள் சொன்னாள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் பேரனிடம் திருப்பாவைப் புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். தமிழ் நன்றாகப் பேசுகிற பையன். ஒரு வரி படிக்கத் தெரியவில்லை. தமிழ் எழுத்து அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யாரும் என்றால் நான்தான். தெலுங்கு எழுத்தும் பள்ளிக்கூடத்தில் கடமைக்குப் படித்ததுதான், ஒரு தெலுங்குக் கதையை எடுத்துப் படித்தவன் இல்லை.

காரணம் தேடினால் வெளியே போக வேண்டியதில்லை. இந்த ஊரில் தமிழில் பேசினால் கடைக்காரருக்குப் புரிகிறது, டாக்டருக்குப் புரிகிறது, ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. புரியாது என்ற பயம் இருந்திருந்தால் தெலுங்கை ஒழுங்காகக் கற்றிருப்போம். மறந்துபோகும் என்ற பயம் இருந்திருந்தால் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுத்திருப்போம். அயலார் நம்மைப் புரிந்துகொண்டது நமக்குப் பெரிய சலுகை. அந்தச் சலுகையை நம் தமிழின் பெருமை என்று மேடையில் பேசினோம். சலுகை கொடுத்தவர்களின் உழைப்பை ஒருநாளும் கணக்கில் எழுதவில்லை. அந்தப் பாகாலாப் பெரியவர் தமிழ் கற்க எத்தனை சந்தை அலைந்திருப்பார்? அதில் பாதியாவது அவர் மொழிக்காக நான் அலைந்தேனா?

முடிவாக

எங்கள் மரபில் சமவசரணம் பற்றிக் கேட்டிருப்பீர்கள். தீர்த்தங்கரர் அங்கே எழுத்தும் சொல்லும் இல்லாத திவ்வியத்தொனியாக அறத்தை அருளுவார். கூடியிருக்கும் மனிதரும் விலங்கும் அவரவர் மொழியில் அதை உணர்வார்கள். சின்ன வயதில் இதைப் பேசுகிறவரின் பெருமையாக மட்டும் கேட்டேன். இப்போது கேட்கிறவர்களின் பக்கமும் மனம் போகிறது. அந்தச் சபையில் ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் என்றே வந்து உட்கார்ந்திருந்தார்கள். நாம் தீர்த்தங்கரர் இல்லை. நம் பேச்சு யாருக்காவது விளங்குகிறதென்றால், அந்த ஆள் காது கொடுத்து உழைத்திருக்கிறார் என்று பொருள்.

ஆகவே நம் சங்கத்துக்கு என் விண்ணப்பம் இரண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து வகுப்பு வைப்போம். என் பேரனை முதல் ஆளாக அனுப்புகிறேன். அதே கூடத்தில் பெரியவர்களுக்குத் தெலுங்கு வகுப்பும் வைப்போம். அறுபது தாண்டிய எனக்கும் அதில் ஒரு பலகை போடுங்கள். அவசரம் எது, தொந்தர எது என்று இந்தத் தடவை சரியாகக் கற்றுக்கொள்கிறேன்.

அடுத்த கூட்டத்தில் யாராவது மொழிபெயர் தேயம் என்று பேச ஆரம்பித்தால், மரியாதையாக ஒரு வார்த்தை ஞாபகப்படுத்துங்கள். நாம் வாழ்வது மொழிபெயர் தேயம்தான். ஆயினும் இங்கே நமக்காக ஒரு கிணறு ஊறிக்கொண்டிருக்கிறது. குடித்தவர்கள் நாம். தூர் வாருகிற முறையும் நம்முடையதே.